நிறுவலா, சீர்தூக்கலா, ஐயமா? இறைவனைப் பற்றிய முடிவுக்கு எந்த வழி தாங்கும்

இறைவன் உண்டா என்ற வினாவில் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறவர், உண்டு, இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன்பே, எந்த முறையில் தேர்வது என்பதைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. மறுக்கவே முடியாத நிறுவலைக் கேட்பது ஒரு முறை. கிடைக்கும் சான்றுகள் அனைத்தையும் சீர்தூக்கி, எந்த விளக்கம் மிகுதியும் பொருந்துகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. சான்று போதாது என்று தீர்ப்பை ஒத்திவைப்பவர்கள் உண்டு. சான்று போதாமையே மறுப்புக்குப் போதும் என்பவர்கள் உண்டு. சான்று நிறைவடையக் காத்திராமல் நம்பத் துணிவதே அறிவுடைமை என்பவர்களும் உண்டு. இவற்றை ஒப்பிட நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் மீது செலுத்தும் ஐயத்தை அதே கடுமையோடு தன் மீதும் செலுத்திக்கொள்ள அந்த முறை ஒப்புகிறதா? இந்தக் கேள்வியிலேயே பல வழிகள் தளர்ந்துவிடுகின்றன. தளர்பவை ஆத்திகர் பக்கத்தில் எத்தனையோ, நாத்திகர் பக்கத்திலும் ஏறக்குறைய அத்தனை.

நிறுவல் கேட்கும் வழியிலிருந்து தொடங்கலாம். 11-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் ஆன்செல்ம், தன்னைவிடப் பெரிதாக வேறொன்றைக் கருதவே முடியாத பொருளே இறைவன் என்று வரையறுத்தார். அப்படிப்பட்ட பொருள் கருத்தில் மட்டும் இருந்து மெய்யில் இல்லாமற்போனால், அதனினும் பெரியதைக் கருத முடியும் என்ற முரண் எழும். ஆகவே இறைவன் இருந்தே ஆக வேண்டும் என்று முடித்தார். அவர் காலத்துத் துறவியான கானிலோவே, இதே வாதத்தால் எல்லாத் தீவுகளிலும் சிறந்ததொரு தீவும் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று மடக்கினார். 1781-இல் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட், உளதாதல் என்பது ஒரு பொருளின் இயல்புகளோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றோர் இயல்பு அன்று என்று வாதிட்டபின், இவ்வழி பலருக்கும் அடைபட்டதாகவே தோன்றியது. அதைச் செப்பனிட்டு எடுத்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய ஒருவர் அங்கே நெடுநேரம் நிற்கத் தேவையில்லை.

உலகத்தைக் காரியமாகக் கொண்டு அதன் கருத்தாவைக் கருதும் வாதம் இதைவிட வலியது. மெய்கண்டாரின் சிவஞான போதம் அதை முதல் நூற்பாவிலேயே வைக்கிறது: அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதாக இருத்தலின், அது தானே இயங்குவதன்று, அதை ஒடுக்கி மீளத் தோற்றுவிக்கும் முதல் ஒன்று உண்டு. இந்தியத் தருக்க நெறியான நியாய மரபில் உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில் இதனோடு வேறு பல ஏதுக்களையும் சேர்த்து விரித்தார். இவ்வாதத்தை உடைத்தவர்கள் பௌத்தரும் சமணரும் நாத்திகரும் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. திருமாலிடம் முற்றும் அடைக்கலமான இராமானுசரே, ஸ்ரீபாஷ்யத்தில் இதனை விரிவாக எடுத்து மறுக்கிறார். குடம் செய்யப்பட்டது, ஆகவே குயவன் உண்டு. மண்ணும் மலையும் கடலும் செய்யப்பட்டவை, ஆகவே செய்தவன் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அவை யாவும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு ஏது எங்கே என்று கேட்கிறார். நாம் கண்ட செய்வோர் அனைவரும் உடலுடையவர், ஆற்றலிலும் அறிவிலும் குறைந்தவர். எடுத்துக்காட்டை நேர்மையாக நீட்டினால் உலகைச் செய்தவனும் அப்படித்தானே ஆவான்? ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1779-இல் வெளிவந்த, ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் உரையாடல் நூலில் ஃபைலோ என்னும் பாத்திரம் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான்: ஒரு கப்பலைப் பலர் சேர்ந்து கட்டுவதுபோல் உலகையும் பலர் சேர்ந்து ஏன் கட்டியிருக்கக் கூடாது?

ஒரே மறுப்பு, ஆனால் இருவர் சென்று சேர்ந்த இடங்கள் வேறு. இறைவனைக் கருதலளவையால், அதாவது கண்டதிலிருந்து காணாததை ஊகித்தறிவதால், எட்ட முடியாது, மறையால் மட்டுமே அறியலாகும் என்பது இராமானுசரின் முடிவு. ஹியூமின் ஃபைலோவுக்கோ மறை என்ற மறுகரை இல்லை. ஆகவே ஒரு நிறுவல் வீழ்ந்தது என்பதிலிருந்து அது நிறுவ முயன்ற பொருள் இல்லை என்று பெறப்படாது. இதை ஆத்திகர்கள் அடிக்கடி சொல்லிக்காட்டுவதுண்டு. சொல்லிவிட்டு, நிறுவல் தங்கள் கையில் இருப்பதுபோலவே தொடர்ந்து பேசவும் செய்வார்கள். இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். எதிரில் இருப்பவருக்கு மனம் உண்டு என்பதையோ, நேற்றுவரை நடந்த ஒழுங்கு நாளையும் நடக்கும் என்பதையோ நாம் யாரும் கணிதத் தேற்றம்போல் நிறுவிவிட்டு நம்பவில்லை. அந்தத் தரத்திலான நிறுவலை இறைவனிடம் மட்டும் கேட்பது, தொடக்கத்தில் சொன்ன அளவுகோலில் தவறிவிடுகிறது.

இனி ஐயவாதம். எல்லாவற்றையும் ஐயுறுவதாகச் சொல்பவரைப் பற்றி ஹியூமின் அதே நூலில் கிளியாந்தெஸ் என்னும் பாத்திரம் ஒரு குறும்பான சோதனையை முன்வைக்கிறது: உங்கள் ஐயம் எவ்வளவு உண்மையானது என்பது, இந்தச் சபை கலையும்போது நீங்கள் கதவு வழியாகப் போகிறீர்களா சாளரம் வழியாகப் போகிறீர்களா என்பதில் தெரிந்துவிடும். விழுந்தால் அடிபடும் என்பதை உண்மையிலேயே ஐயுறுகிறவருக்குக் கதவும் சாளரமும் ஒன்றுதானே. ஃபைலோ இதற்கு அயர்ந்துவிடவில்லை. அன்றாட வாழ்வில் எல்லோரையும் போலவே தானும் நடப்பதாகவும், உலகத் தோற்றம், இறைவனின் இயல்பு போன்ற, நம் பழக்கத்துக்கு அப்பாற்பட்டவற்றில் மட்டும் நாம் வேற்று நாட்டில் புகுந்த அயலார்போல் ஆகிவிடுகிறோம் என்றும் விடை சொல்கிறார். அதாவது ஐயத்துக்கு ஓர் எல்லைக்கோடு வரைகிறார்: இந்தப் பக்கம் கருதல் செல்லும், அந்தப் பக்கம் செல்லாது.

இந்த எல்லைக்கோடு ஐரோப்பாவில் புதிதாக வரையப்பட்டதன்று. சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் முதலில் எடுத்துக்கொள்ளும் எதிர்வழக்கு உலகாயதம். புலன்களால் காண்டல் ஒன்றே அளவை, அதாவது அறியும் வழி, கருதல் அளவையாகாது என்பது அதன் நிலை. அதற்கு இந்திய அளவை நூலார் பலரும் கூறிய மறுப்பு எளியது, இன்றுவரை விடையற்றது: காண்டல் ஒன்றே அளவை என்ற அந்தப் பொதுவிதியை நீ எந்தக் கண்ணால் கண்டாய்? அதுவே கருதலின் விளைவன்றோ? இதன் வலியை உணர்ந்ததால்தான் போலும், புரந்தரர் என்ற உலகாயத ஆசிரியர், உலக நடைமுறைக்குள் கருதல் செல்லும், உலகைக் கடந்தவற்றில் அது செல்லாது என்று நிலையைத் திருத்திக்கொண்டார் எனப் பௌத்த உரையாசிரியர் கமலசீலர் குறித்திருக்கிறார். புரந்தரர் வரைந்ததும் ஃபைலோ வரைந்ததும் ஒரே கோடு. இன்றைய சமய ஐயவாதிகளில் சிந்தித்துப் பேசுவோர் நிற்பதும் அந்தக் கோட்டின் மேல்தான். ஆகவே அந்தக் கோடு தாங்குமா என்பதே இவ்வழியைத் தேர்வோர் கேட்க வேண்டிய கேள்வி.

தாங்குமா என்பதற்கு வானியல் வரலாற்றில் அருமையான ஓர் இணை எடுத்துக்காட்டு இருக்கிறது. யுரேனசின் பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை. கண்ணில் படாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று கருதிய பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, அது வானில் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் கிடைத்த இரவிலேயே காலே என்பவர், சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். அதே லெ வெரியே 1859-இல் புதன் கோளின் பாதையில் இருந்த சிறு பிறழ்ச்சிக்கும் அதே முறையில் விளக்கம் சொன்னார்: சூரியனுக்கு அருகே இன்னும் காணப்படாத ஒரு கோள் இருக்கலாம். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். வல்கன் இல்லை. பிறழ்ச்சிக்குக் காரணம் புதிய கோள் அன்று, ஈர்ப்பைப் பற்றிய பழைய கோட்பாட்டின் குறையே என்பது 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலால் தெரியவந்தது. ஒரே மனிதர், ஒரே வகைக் கருதல். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது.

இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. காணாததைக் கருதலால் எட்டுவது அறிவுக்குப் புறம்பானது என்ற பேச்சு நெப்டியூனோடு முடிந்துவிடுகிறது. அணுவும் மின்னணுவும் காண்டலால் வந்தவையல்ல. உலகத்துக்குள் மட்டும் கருதல் செல்லும் என்று திருத்திச் சொன்னால், அந்த எல்லையை எங்கே, எந்த ஏதுவால் இடுவது என்ற கேள்வி எழுகிறது. பேரண்டத்தின் தொடக்கநிலை பற்றி இயற்பியலாளர் கருதுவதெல்லாம் எந்த மனிதரின் பழக்கத்துக்கும் உட்பட்டதன்று. ஆனால் ஆத்திகர் உடனே கைதட்டிவிடவும் இடமில்லை. நெப்டியூன் என்ற கருதுகோள் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னது; சொன்ன இடத்தில் இல்லாதிருந்தால் விழுந்திருக்கும். இறைவன் என்ற கருதுகோள் எதைக் கண்டால் விழும் என்று அதை முன்வைப்போர் பெரும்பாலும் சொல்வதில்லை. அது வல்கனாக இருந்தால் தெரிந்துகொள்ள நமக்கு வழி என்ன? ஐயவாதியின் உண்மையான வலிமை இந்தக் கேள்வியில் இருக்கிறதே தவிர, காணாததை நம்பாதே என்ற முழக்கத்தில் இல்லை.

பகுத்தறிவையே ஐயுறும் எல்லைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களில் இசுலாமிய இறையியலாளர் அல்-கஸ்ஸாலி கவனிக்கத்தக்கவர். விண்மீன் கண்ணுக்கு ஒரு பொற்காசு அளவாகத் தெரிகிறது, கணக்கோ அது நிலவுலகைவிடப் பெரியது என்கிறது. புலன் பொய்த்தது என்று அறிவு காட்டியதுபோல், அறிவும் பொய்த்தது என்று அதற்கு மேலான ஒன்று காட்டாது என்பதற்கு என்ன உறுதி? ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த நோயில் கிடந்ததாகவும், வாதத்தால் அன்றி இறைவன் தன் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே மீண்டதாகவும் அவர் எழுதினார். ஒளியைப் பற்றி வெளியில் நிற்கும் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. நோயைப் பற்றி அவர் சொன்னது சரி: அறிவின் மீதே கொண்ட ஐயத்தை அறிவால் தீர்க்க முடியாது. ஆகவே முழு ஐயம் யாருக்கும் தேர்வாக அமைவதில்லை. அது இறைநம்பிக்கையை மட்டும் தனியே எரித்துவிட்டு மற்றவற்றை விட்டுவைக்காது.

மறுப்பை ஒரு தேர்வாக எடுத்துக்கொண்டால், அதன் மிகப் பெயர்பெற்ற வடிவம் ஆங்கில மெய்யியலாளர் ரசல் 1952-இல் எழுதிய தேநீர்க் கெண்டி: பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே தொலைநோக்கிக்கும் அகப்படாத ஒரு கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால், இல்லை என நிறுவும் கடமை உங்களுடையது ஆகாது. உண்டு என்பவரே நிறுவ வேண்டும் என்ற அளவில் இது முற்றும் சரி. அதற்கு மேல் செல்லவில்லை. கெண்டியால் எதுவும் விளக்கப்படுவதில்லை. அது இல்லையென்றால் நமக்கு எந்தப் புதிரும் மிஞ்சாது. இறைவன் என்ற கருத்தோ, ஏதும் ஏன் இருக்கிறது, இருப்பது ஏன் ஒழுங்குக்குட்பட்டிருக்கிறது என்ற இரண்டு புதிர்களுக்கு விடையாக வைக்கப்படுவது. விடை தவறாக இருக்கலாம். ஆனால் தவறான விடையும் வெறும் கற்பனைப் பாத்திரமும் ஒன்றல்ல. மறுப்பவர் அந்தப் புதிர்களுக்குத் தம் விடையைச் சொல்ல வேண்டும், அல்லது அவை விடை வேண்டாதவை என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 1948-இல் பிபிசி வானொலியில் கத்தோலிக்கப் பாதிரியார் காப்பில்ஸ்டனோடு நடந்த விவாதத்தில், உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ரசல் நிறுத்திக்கொண்டார். அது நேர்மையான நிலை. ஆயினும் காரணம் கேட்பதை ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டால், இறைவனிடம் நிறுத்திக்கொள்பவரைப் பார்த்து அவனைப் படைத்தது யார் என்று கேட்பது எடுபடாது.

எனவே சீர்தூக்கும் வழிக்கு வருகிறோம். 1979-இல் மெய்யியலாளர் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் இதை நிகழ்தகவு மொழியில் எழுதினார்: தனித்தனியே நோக்கினால் எந்த வாதமும் நிறுவல் ஆகாது, ஆனால் உலகின் இருப்பு, அதன் விதிகளின் எளிமை, உணர்வுடைய உயிர்கள், அறவுணர்ச்சி ஆகிய யாவும் சேர்ந்து தட்டை ஒரு பக்கம் தாழ்த்துகின்றன. இம்முறையின் பலவீனம் தொடக்கத்திலேயே இருக்கிறது. எந்தச் சான்றையும் பார்க்கும் முன், இறைவன் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஓர் எண்ணை இட்டாக வேண்டும். அந்த எண்ணை எங்கிருந்து பெறுவது என்பதில் இரு தரப்பும் ஒப்புவதில்லை. எண்கள் தரும் துல்லியத்தை நான் பொருட்படுத்துவதில்லை. எல்லாச் சான்றுகளையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லும் ஒழுக்கத்தைத்தான் பொருட்படுத்துகிறேன்.

அந்தத் தராசில் ஒரு பக்கம் வைக்கத்தக்கது ஒன்று: வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1953-இல், விண்மீன்களுக்குள் கரிமம் (கார்பன்) உருவாக வேண்டுமானால் அதன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார், ஆய்வகத்தில் அது ஏறத்தாழ 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் காணப்பட்டது. இத்தகைய பொருத்தங்களைக் கண்டு, யாரோ அமைத்தார்கள் என்பவர்களும் உண்டு; எண்ணற்ற அண்டங்களில் நமக்குப் பொருந்தியதில் நாம் இருக்கிறோம், வியக்க ஒன்றுமில்லை என்பவர்களும் உண்டு. பின்னதும் காணாததைக் கருதுவதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறுபக்கம் வைக்க வேண்டியது துன்பம், அதுவும் மனிதத் தவறுகளால் விளையாத துன்பம். 1979-இல் மெய்யியலாளர் வில்லியம் ரோ இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். தொலைதூரக் காட்டில் மின்னல் தாக்கி மரம் பற்றி எரிகிறது. அத்தீயில் சிக்கிய மான்கன்று ஒன்று கொடிய தீக்காயங்களோடு பல நாள் துடித்து இறக்கிறது. பார்ப்பவர் யாருமில்லை; ஆகவே யாருக்கும் அது பாடமாகவில்லை. யாருடைய விருப்புரிமையையும் காப்பதற்காக அது நிகழவில்லை. முற்பிறவி வினையைச் சொல்லலாம். அந்த விளக்கமும், அக்கன்றுக்கு வேறொரு வரலாறு இருந்தது என்ற நிறுவப்படாத இன்னொரு கருதுகோளைக் கடன் வாங்குகிறது. ஆத்திகர் தரும் மிக வலிய விடை 1984-இல் ஸ்டீபன் விக்ஸ்ட்ரா சொன்னது: எல்லையற்ற அறிவின் நோக்கம் நமக்குத் தெரியவில்லை என்பதிலிருந்து, நோக்கமே இல்லை என்று பெறப்படாது, அப்படி ஒரு நோக்கம் இருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

இங்கேதான் தொடக்கத்து அளவுகோல் ஆத்திகரைப் பிடிக்கிறது. இந்த விடை முழுக்க முழுக்க ஐயவாதம். இறைவனின் நோக்கங்களை நம்மால் ஊகிக்க முடியாது என்பதை மான்கன்றின் முன்னால் ஏற்றுக்கொண்டவர், கரிமத்தின் ஆற்றல் நிலைக்கு முன்னால் நின்று, உயிர்கள் தோன்ற வேண்டும் என்பதே இறைவனின் நோக்கம், ஆகவே இது அவன் செயல் என்று சொல்ல முடியாது. இரண்டிலொன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். நோக்கத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்றால் துன்பம் எதிர்ச்சான்றாக நிற்கும். அறவே ஊகிக்க முடியாது என்றால் ஒழுங்கு ஆதரவுச் சான்றாக நிற்காது. முன்னதே நேர்மையானது என்று நினைக்கிறேன். அப்படிக் கொள்ளும்போது தட்டு இறைவன் பக்கம் சற்றே தாழ்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்கும் உணர்வும் ஏன் இருக்கின்றன என்பதற்கு மறுப்போரிடம் இன்னும் விளக்கம் இல்லை. துன்பத்துக்கு ஆத்திகரிடம் நல்ல விளக்கம் இல்லை என்றாலும், முதல் குறைபாடு எதன் இருப்பையும் பற்றியது, இரண்டாவது இருப்பவற்றின் தன்மையைப் பற்றியது. இதை வேறுவிதமாக நிறுக்கும் அறிவாளர் பலர். அவர்கள் ஐயத்தை இருபுறமும் ஒரே கடுமையோடு செலுத்தியிருந்தால், அவர்களைப் பிழைபட்டவர் என்று சொல்ல என்னிடம் ஏது இல்லை.

தீர்ப்பை ஒத்திவைப்பது பற்றி: ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1869-இல் தம் நிலைக்கு ‘அக்னாஸ்டிக்’ (அறியொணாவாதி) என்று ஒரு தனிப்பெயரே உருவாக்கிக்கொண்டு அதில் நின்றார், அதுவும் சோம்பலால் நின்றவர் அல்லர். கருத்தளவில் இவ்வழிக்குக் குறையில்லை. வாழ்க்கையளவில் குறை உண்டு. போதிய சான்றின்றி எதையும் நம்புவது எப்போதும், எங்கும், யாருக்கும் தவறு என்று 1877-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் கிளிஃபர்ட் எழுதினார். சான்று தீர்த்து வைக்க முடியாத, தள்ளிப்போட இயலாத, வாழ்வையே மாற்றத்தக்க தேர்வுகளில் ஒத்திவைத்தலும் ஒரு தேர்வே என்று 1896-இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் விடை சொன்னார். வழிபடாமல் காத்திருப்பவரின் நடப்பு, வழிபடத் தேவையில்லை என்று முடிவு செய்தவரின் நடப்பிலிருந்து வேறாக இருப்பதில்லை. கிளிஃபர்டின் விதிக்கே சான்று என்ன என்ற கேள்வியும், உலகாயதரிடம் கேட்ட அதே கேள்வியாக, இங்கே எழுகிறது.

பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் பந்தயத்தை விரைந்து கடந்துவிடலாம். இறைவன் இருந்தால் முடிவற்ற ஆதாயம், இல்லாவிட்டால் சிறு இழப்பு, ஆகவே நம்பு என்ற கணக்கு, எந்த இறைவனை என்ற கேள்வியில் சிதறிவிடுகிறது. வேறெந்தச் சமயத்தவரும் இதே கணக்கைத் தமக்காகப் போடலாம். ஜேம்சின் வழி பந்தயத்தோடு குழப்பிக்கொள்ளத்தக்கதன்று. அது ஆதாயத்தைக் காட்டி நம்பச் சொல்லவில்லை; சான்று நின்றுவிட்ட இடத்தில் எந்தப் பிழையை ஏற்கத் துணிகிறோம் என்று கேட்கிறது: பொய்யை நம்பிவிடும் பிழையையா, மெய்யை இழந்துவிடும் பிழையையா?

ஆகவே இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவருக்கு நான் பரிந்துரைப்பது, முதலில் சீர்தூக்கல், அதன்பின் தேவைப்பட்டால் ஜேம்சின் துணிவு. இரண்டையும் அதே வரிசையில், ஒன்றோடொன்று கலவாமல் செய்ய வேண்டும். ஏனெனில் சீர்தூக்கல் தருவது மிகச் சிறிது. ஹியூமின் ஃபைலோகூட நூலின் இறுதியில் ஒப்புக்கொள்வது, உலக ஒழுங்கின் காரணம் அல்லது காரணங்கள் மனித அறிவோடு ஏதோ தொலைவான ஒப்புமை உடையவையாக இருக்கலாம் என்பதைத்தான். அந்தக் காரணத்தின் முன் யாரும் கைகூப்ப மாட்டார்கள். அது எதையும் கட்டளையிடுவதில்லை, யாரையும் மன்னிப்பதில்லை. அங்கிருந்து வழிபடத்தக்க இறைவனுக்குச் செல்பவர் எடுத்துவைக்கும் அடி நம்பிக்கையின் அடி. இராமானுசர் அதை மறையின் மேல் கொண்ட நம்பிக்கை என்று வெளிப்படையாகச் சொல்லி எடுத்துவைத்தார். கருதலின் போர்வையை அதற்குப் போர்த்தவில்லை. அதே துணிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. சான்று தீர்ப்பளிக்காத இடத்தில்தான் ஜேம்ஸ் தந்த உரிமை செல்லும். நிலவுலகின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு என்பதும், உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பதும் சான்றால் தீர்ந்துவிட்டவை. அவற்றை மறுப்பதற்காக நம்பத் துணியும் உரிமையைக் கோருகிறவர், ஜேம்சையும் இராமானுசரையும் துணைக்கு அழைக்க முடியாது.